கேட்டுக்கொண்டே ஓடியவள்

சுரக்குடி உமாமகேஸ்வரிக்கு அன்று வந்த கோபம் இன்னும் முழுசாக இறங்கவில்லை. ஏன் இறங்க வேண்டும் என்றுதான் அவள் கேட்கிறாள்.

காரைக்கால் பாரதியார் சாலையில் ஒரு தனியார் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் அவளுக்கு வேலை. காலையில் வெறும் வயிற்றோடு வந்து உட்கார்ந்திருப்பவர்களின் கையைத் தட்டி, நரம்பைத் தேடி, ரத்தம் எடுத்து, குழாயில் பெயரை ஒட்டி உள்ளே அனுப்புவாள். சுற்றுவட்டாரத்தில் யாருக்குச் சர்க்கரை, யாருக்குக் கொழுப்பு என்பது அவளுக்கு அத்துப்படி. நாற்பதைத் தொட்ட வருஷம் ஒரு நாள், கூட்டம் ஓய்ந்த நேரத்தில், உடன் வேலை பார்க்கும் கமர் நிஷாவிடம் தன் கையை நீட்டினாள். விளையாட்டுக்கு எடுத்த ரத்தம்தான். முடிவைப் பார்த்ததும் கமர் நிஷாவின் சிரிப்பு நின்றுவிட்டது.

"சர்க்கரைன்னு இன்னும் சொல்ல முடியாது உமா. ஆனா வாசல்ல வந்து நிக்கிது. நடக்க ஆரம்பிங்க."

நடந்தாள். நடை பழகியதும் ஓடிப் பார்த்தாள். முதல் நாள் வாய்க்கால் ஓரமாகக் கொஞ்ச தூரம் ஓடுவதற்குள் மூச்சு இரைத்த சத்தம் அவளுக்கே வெட்கமாக இருந்தது. யாராவது கேட்டிருப்பார்களோ என்று திரும்பித் திரும்பிப் பார்த்தாள். வீட்டுக்கு வந்து மகள் நித்யஸ்ரீயிடம் சொன்னதும் அவள் தன் ஹெட்செட்டை எடுத்துக் கொடுத்தாள். "பாட்டு போட்டுக்கம்மா. மூச்சு வாங்குறதே தெரியாது."

உண்மையிலேயே தெரியவில்லை. பாட்டு ஓடியது, அதன் பின்னாலேயே உமாவும் ஓடினாள். இரண்டு வருஷம் இப்படியே போயிற்று. சுரக்குடியிலிருந்து திருநள்ளாறு போகும் சாலையில் விடிகிற நேரத்தில் அவளைப் பார்க்காதவர்கள் குறைவு. சனிக்கிழமைகளில் மட்டும் கோயிலுக்கு வரும் கார்களும் பஸ்களும் சாலையை அடைத்துக்கொள்ளும் என்பதால் வயல் பக்கம் போய்விடுவாள். மற்ற நாட்களில் அதே சாலை, அதே வளைவு. வளைவில் ஒரு டீக்கடை. அங்கே நாலைந்து பேர் எப்போதும் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். நடுவில் உரக்கடை கதிரவன்.

கதிரவன் கௌரவமான ஆள். உமாவின் கணவர் செந்தில்குமார் மூன்று மா நிலத்துக்கு யூரியாவும் மருந்தும் வாங்குவது அவர் கடையில்தான். பரிசோதனை நிலையத்துக்கு வந்தால், "மேடம், உங்க கையால எடுத்தா வலியே தெரியலங்க" என்பார். டீக்கடையில் உட்கார்ந்திருக்கும்போது உமா ஓடி வருவதைப் பார்த்தால் கையை உயர்த்தி ஏதோ சொல்வார். உமாவின் காதில் பாட்டு. அவர் வாய் அசைவதும் பக்கத்தில் இருப்பவர்கள் சிரித்த முகமாய் இருப்பதும் மட்டும் தெரியும். உற்சாகப்படுத்துகிறார்கள் என்று நினைத்து அவளும் சிரித்துக்கொண்டே கையைத் தூக்கிக் காட்டுவாள். ஊரில் நாலு பேராவது நல்லவிதமாகப் பார்க்கிறார்களே என்று அந்த வளைவு வரும்போது அவளுக்கு ஒரு தெம்பு வரும்.

போன ஐப்பசியில் கடற்கரைச் சாலையில் ஓட்டப் போட்டி என்று நோட்டீஸ் வந்தது. கடற்கரையில் காலை நடை போகிறவர்கள் சேர்ந்து வைத்திருக்கும் ஒரு சங்கம் நடத்துவது. பத்து கிலோமீட்டர், மூன்று கிலோமீட்டர் என்று இரண்டு பிரிவு. உமா நோட்டீஸில் இருந்த எண்ணுக்குப் போன் செய்தாள். எடுத்தவர் சங்கத்தின் செயலாளர் தெட்சிணாமூர்த்தி, ஓய்வு பெற்ற அதிகாரி, குரலில் மரியாதை சொட்டும்.

"லேடீஸுக்குத் தனியா மூணு கிலோமீட்டர் வச்சிருக்கோம் மேடம். மியூசிக் உண்டு, டான்ஸ் உண்டு. சேலையிலயே நடக்கலாம். முடிச்ச எல்லாருக்கும் பரிசு."

"நான் பத்துக்குப் பேர் குடுக்கணும் சார்."

"பத்து ஜென்ட்ஸுக்குங்க."

"நோட்டீஸ்ல அப்படிப் போடலயே."

"போடலன்னா என்ன மேடம், தெரிஞ்ச விஷயம்தானே. பாதி வழியில ஏதாவது ஒண்ணு ஆயிட்டா உங்க வீட்டுக்காரருக்கு யாரு பதில் சொல்றது?"

"ஓடுறது நான் சார். பதில் சொல்லவேண்டியது எனக்குத்தான்."

எதிர்முனையில் தாளைப் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "சரி, பேரைச் சொல்லுங்க" என்று எழுதிக்கொண்டார். எழுதி முடித்தவர், "ஒண்ணு மட்டும் பாத்துக்குங்க. காதுல எதையும் மாட்டக் கூடாது. ரோட்டுல வண்டி போகும், பின்னாடி ஹாரன் அடிச்சா கேக்கணும். மாட்டுனா வெளிய எடுத்துடுவோம்" என்றார்.

இதில் சண்டை போட ஒன்றுமில்லை. நியாயமான விதி. உமா மறுநாளே ஹெட்செட்டை மேஜை இழுப்பறையில் போட்டுவிட்டு ஓடப் போனாள்.

இரவெல்லாம் மழை பெய்து விட்டிருந்தது. சாலை ஓரம் நடவு வயல்களில் தவளைச் சத்தம். அதைவிடப் பெரிதாகத் தன் மூச்சுச் சத்தம். ஈரத்தில் ஷூ பட்டுப் பட்டென்று அடித்தது. இரண்டு வருஷம் ஓடியிருந்தும் தன் உடம்பு ஓடும்போது எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாமலே இருந்திருக்கிறது. தொடை கனத்தது, தொண்டை வறண்டது. திரும்பிவிடலாமா என்று ஒவ்வொரு மின்கம்பத்துக்கும் தோன்றியது. எப்படியோ வளைவு வரைக்கும் வந்தாள். டீக்கடை தெரிந்தது. கதிரவன் தெரிந்தார். அப்பாடா என்றிருந்தது.

அப்போதுதான் முதல்முறையாக அவர் குரல் காதில் விழுந்தது.

"எரும வந்துட்டுது பாரு."

வேறு ஒரு குரல்: "இன்னிக்குக் கை தூக்கலன்னா டீக்காசு நீங்கதான் குடுக்கணும் அண்ணே."

"தூக்கும்டா. நான் தூக்குனா அதுவும் தூக்கும். அப்படிப் பழக்கி வச்சிருக்கேன்."

கதிரவன் கையை உயர்த்தினார். உமாவின் கையும் உயர்ந்தது. கேட்டது மண்டைக்குள் ஏறுவதற்கு முன்னாலேயே, இரண்டு வருஷப் பழக்கத்தில், கை தானாக மேலே போய்விட்டது. முகத்தில் சிரிப்பும் வந்துவிட்டது.

"பாத்தியா?" என்றார் கதிரவன். பெஞ்சு மொத்தமும் சிரித்தது. உடம்பைப் பற்றி இன்னொருவன் சொன்னதை இங்கே எழுத வேண்டாம்.

உமா தலைதெறிக்க ஓடினாள். அத்தனை வேகத்தில் அவள் அதற்குமுன் ஓடியதே இல்லை. பெரிய வாய்க்கால் மதகு வருவதற்குள் விலாவில் கத்தி செருகினாற்போல் பிடித்துக்கொண்டது. மதகுக் கட்டையில் உட்கார்ந்தாள். அவர்கள் சொன்னதைவிட, தன் கை மேலே போனதுதான் அவளைப் போட்டு அறுத்தது. இரண்டு வருஷம். தினமும். அவர்கள் டீக்கு ஒரு வேடிக்கையாக அவள் கை தூக்கியிருக்கிறாள். 'அது' என்று சொல்லியிருக்கிறார்கள். அந்த ஆளுடைய கையைத்தான் மாதாமாதம் பஞ்சால் துடைத்து, வலிக்காமல் பார்த்துப் பார்த்து ஊசி போட்டிருக்கிறாள். உட்கார்ந்த இடத்திலேயே கோபத்தில் அழுதாள். அழுகிற சத்தமும் கேட்டது. அதை மறைக்கவும் பாட்டு இல்லை.

வீட்டில் செந்தில்குமார் வேலைக்குப் போகச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தார். கேட்டுவிட்டு, "கதிரவனா? அப்படிப் பேசுற ஆள் இல்லயே" என்றார் முதலில். பிறகு, "எதுக்கு வம்பு? வேற ரோட்டுல ஓடேன்" என்றார். உமா ஷூவைக்கூடக் கழற்றாமல் நிற்பதைப் பார்த்து, சமாதானம் சொல்வதாக நினைத்து மூன்றாவதாக ஒன்று சொன்னார்: "இல்லன்னா அந்த ஹெட்செட்டயே மாட்டிக்கயேன். போட்டி அன்னிக்கு மட்டும் கழட்டிக்கலாம்."

"அவங்க வாய மூடச் சொல்ல உங்களுக்கு வாய் வரல. என் காத மூடச் சொல்றீங்க."

செந்தில்குமார் பொத்தானைப் போட்டுக்கொண்டே வெளியே போய்விட்டார்.

வேலைக்கு வந்து கமர் நிஷாவிடம் சொன்னாள். கமர் நிஷாவின் கணவர் துபாயில். அவளும் மாலையில் கடற்கரையில் நடப்பவள்தான். "நான் பர்தா போட்டுக்கிட்டு நடந்தாலும் சொல்றானுவோ உமா. எதைப் போட்டாலும் சொல்றதுக்கு அவனுவோகிட்ட ஒண்ணு இருக்கு" என்றாள். பிறகு, "நாளைக்கு என்ன பண்ணப் போறீங்க?" என்று கேட்டாள்.

"அதே ரோடு. காதுல ஒண்ணும் கிடையாது."

சொல்வது சுலபமாக இருந்தது. மறுநாள் வளைவு வருவதற்கு முன்பே ஓட்டம் தளர்ந்தது. கையை இறுக்கி மடக்கிக்கொண்டே கடந்தாள். "கோவம் வந்துட்டுது போல" என்று ஒரு குரல் துரத்தியது. மறுபடியும் வேகம், மறுபடியும் விலாவில் பிடிப்பு, மறுபடியும் மதகுக் கட்டை. மூன்றாம் நாளும் அப்படியே. கோபத்தில் ஓடினால் மதகைத் தாண்ட முடிவதில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. டீக்கடையில் உட்கார்ந்தபடியே அவளுடைய ஓட்டத்தை அவர்கள் ஓட்டுகிறார்கள். அவர்கள் வாயைத் திறந்தால் இவள் கால் வேகம் எடுக்கிறது. இது என்ன நியாயம்?

அதன் பிறகு அவள் வேகத்தைப் பிடித்து நிறுத்தக் கற்றுக்கொண்டாள். எளிதாக வரவில்லை. பேச்சு காதில் விழும்போது உடம்பெல்லாம் கூசும், முகம் சூடாகும், ஓடிப்போய்விடு என்று கால் கெஞ்சும். கெஞ்சட்டும் என்று விட்டுவிட்டு அதே நடையில் கடந்தாள். விலாவில் பிடித்தால் நிற்காமல், வேகத்தைக் குறைத்து, மூச்சை நீளமாக வெளியே விட்டபடி போனாள். வலி கொஞ்ச தூரம் கூடவே வந்தது, பிறகு எப்போது இறங்கியது என்று தெரியவில்லை. கிளம்பியதும் கால் கனப்பது எல்லா நாளும் உண்டு என்பதும், பொறுத்திருந்தால் அதுவே விட்டுவிடும் என்பதும் பாட்டுக் கேட்டு ஓடிய காலத்தில் அவளுக்குத் தெரிந்திருக்கவே இல்லை. நனைந்த காலுறையில் குதிகால் உரிந்தது. மார்கழிக் குளிரில் மூக்கு ஒழுகியது. நாய் துரத்தினால் எந்தப் பக்கம் வருகிறது என்று முன்கூட்டியே காது சொன்னது. சுகமாக இருந்தது என்று சொன்னால் பொய். ஆனால் அவளுடைய ஓட்டம் முதல்முறையாக அவளுடையதாக இருந்தது.

தை பிறப்பதற்குக் கொஞ்சம் முன்னால் ஒரு நாள், வளைவில் கதிரவன் வழக்கம்போல ஏதோ சொன்னார். சாலையில் டிராக்டர் போனதில் அது பாதிதான் கேட்டது. உமா ஓட்டத்தை நிறுத்தினாள். திரும்பி நடந்து டீக்கடைக்குள் வந்தாள். வியர்வை தாடையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது.

"அண்ணே, என்னமோ சொன்னீங்க. வண்டிச் சத்தத்துல சரியா விழல. திரும்பச் சொல்லுங்க."

கதிரவன் டம்ளரைப் பார்த்தார். "ஒண்ணும் இல்லங்க மேடம்."

"நான் பாத்தேன், என்னப் பாத்துத்தான் சொன்னீங்க. சொல்லுங்க, கேட்டுட்டுப் போறேன்."

"சும்மா பேசிக்கிட்டிருந்தோம்."

"அந்தச் சும்மாவையே சொல்லுங்க."

டீ மாஸ்டர் பாய்லரையே துடைத்துக்கொண்டிருந்தார். பெஞ்சில் இருந்தவர்கள் ஆளுக்கொரு திசையில் வயலைப் பார்த்தார்கள். உமா புறங்கையால் தாடையைத் துடைத்துக்கொண்டாள். ஏதாவது பேசி அந்த அமைதியை முடித்துவிட வேண்டும், சிரித்து மழுப்பிவிட்டாவது போய்விட வேண்டும் என்று உள்ளே ஒன்று பிடித்துத் தள்ளியது. விலாப் பிடிப்போடு மதகைத் தாண்டி ஓடியது போல இதற்குள்ளும் நின்றாள். நின்றுகொண்டே இருந்தாள். கடைசியில் கதிரவன்தான் எழுந்தார். டீக்காசை வைத்துவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் வண்டியை எடுத்துக்கொண்டு போனார்.

"இன்னொண்ணு" என்றாள் உமா, மீதி இருந்தவர்களைப் பார்த்து. "எனக்குப் பேர் உமாமகேஸ்வரி. அதுன்னு சொல்லாதீங்க."

அன்று மாலையே செய்தி வீட்டுக்கு வந்துவிட்டது. நாலு பேர் முன்னால் உன் மனைவி என்னை அவமானப்படுத்திவிட்டாள் என்று கதிரவன் செந்தில்குமாரிடம் போனில் சொல்லியிருந்தார். அவமானம் யாருக்கு நடந்தது என்று இவர் திருப்பிக் கேட்டாரா என்றால், கேட்கவில்லை. "சரிங்க, பேசுறேங்க" என்று வைத்துவிட்டார். அதை உமாவிடமே வந்து சொன்னார். அவள் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. பிறகு ஒரு நாள் செந்தில்குமார் வயலுக்கு வாங்கி வந்த உர மூட்டையில் கதிரவன் கடைப் பெயர் இல்லை, திருநள்ளாற்றுக் கடை ஒன்றின் பெயர் இருந்தது. ஆனால் ஒரு வார்த்தை வாயால் சொல்லியிருக்கலாம் என்ற ஆற்றாமை அவளுக்குப் போகவில்லை.

கதிரவன் அடுத்த முறை ரத்தம் கொடுக்க வந்தபோது கமர் நிஷாவின் மேஜையைத் தேடிப் போனார். "உமா மேடம்தாங்க வலிக்காம எடுப்பாங்க, அங்க போங்க" என்று அவள் கைகாட்டிவிட்டாள். உமா எப்போதும் போலத்தான் எடுத்தாள். அவர்தான் கண்ணை மூடிக்கொண்டார்.

போட்டி மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. கடற்கரைச் சாலை முழுக்கக் கூட்டம். மூன்று கிலோமீட்டர்ப் பெண்களுக்கு ரோஜா நிற பனியன், ஒலிபெருக்கியில் காது கிழிகிற பாட்டு. கமர் நிஷா அந்தக் கூட்டத்தில் இருந்தாள். பத்து கிலோமீட்டர் வரிசையில் உமா ஒருத்தி மட்டும்தான் பெண். அவளுக்குக் கொடுக்க அவள் அளவில் பனியன் இல்லை. "ஜென்ட்ஸ் சைஸ்தான் போட்டோம் மேடம்" என்றார்கள். முழங்கால் வரை தொங்கிய பனியனை இடுப்பில் முடிச்சுப் போட்டுக்கொண்டாள்.

அரசலாற்றுப் பாலம் தாண்டுவதற்குள் ஆண்கள் எல்லாரும் முன்னால் போய்விட்டார்கள். அவள் பின்னால் சங்கத்து வேன் ஒன்று ஊர்ந்து வந்தது. அதில் இரண்டு தொண்டர்கள். "மேடம், ஏறிக்குங்க" என்று ஒருவன். கொஞ்ச தூரம் போனதும் "தண்ணி இருக்கு, ஏசி இருக்கு, ஏறிக்குங்க" என்று மற்றவன். பாதித் தூரத்துக்குமேல் உப்புக்காற்று எதிர்த்து அடித்தது. விலாவில் அந்தப் பழைய பிடிப்பு வந்தது. வரட்டும் என்று மூச்சை நீட்டி விட்டுக்கொண்டே போனாள். அப்போது தெட்சிணாமூர்த்தியே ஸ்கூட்டரில் வந்து பக்கத்தில் ஓட்டினார்.

"போதும் மேடம். பிரமாதமா பண்ணிட்டீங்க. வேன்ல வந்துடுங்க, மேடையில போட்டோ எடுக்கணும்."

பேச மூச்சு மிச்சமில்லை. இருந்ததைச் சேர்த்துச் சொன்னாள்: "வேனைத் தள்ளி... நிறுத்தச் சொல்லுங்க. புகை... மூஞ்சில அடிக்குது."

எட்டு மணி வரை முடிக்கலாம் என்று நோட்டீஸில் போட்டிருந்தார்கள். முடிவுக்கோட்டுக்குப் பக்கத்திலிருந்த கலங்கரை விளக்கம் கண்ணுக்குத் தெரிந்தபோது எட்டு ஆக இன்னும் நேரம் இருந்தது. ஆனால் மேடையில் பேச்சு தொடங்கிவிட்டது. கடிகாரத்தை அணைத்துவிட்டார்கள். முடிவுக்கோட்டில் கட்டியிருந்த துணிவளைவை இரண்டு பேர் அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பக்கம் ஏற்கெனவே தரையில் கிடந்தது. மறுபக்கத்துக் கயிற்றை ஒரு ஆள் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்.

"இன்னும் ஒரு ஆள் ஓடி வருதுய்யா. வந்ததுக்கப்புறம் அவுத்துக்கங்க."

அது செந்தில்குமார். எதுக்கு வம்பு என்று வாழ்நாள் முழுக்கச் சொன்ன மனுஷன், கழுத்து நரம்பு புடைக்க, முன்பின் தெரியாத இரண்டு பையன்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். உமா குனிந்து, சரிந்து தொங்கிய துணிக்குக் கீழே புகுந்து கோட்டைத் தாண்டினாள். கமர் நிஷா ஓடிவந்து தோளைப் பிடித்துக்கொண்டாள். செந்தில்குமார் அப்புறம்தான் கயிற்றை விட்டார்.

சற்று நேரத்தில் ஒலிபெருக்கியில் அவள் பெயர் வந்தது. "சுரக்குடியைச் சேர்ந்த குடும்பத் தலைவி திருமதி உமா அவர்களுக்கு ஆறுதல் பரிசு." மேடை ஏறினாள். தெட்சிணாமூர்த்தி ஒரு ஹாட்பாக்ஸை நீட்டினார், போட்டோக்காரர் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டே.

"எனக்கு என்ன சார் ஆறுதல்? நான் முடிச்சிட்டேன்."

"ஒரு மரியாதைக்குத்தான் மேடம்."

"எட்டு மணின்னு போட்டுட்டு அதுக்கு முன்னாலேயே அவுத்தீங்களே, அது என்ன மரியாதை? எட்டுக்குள்ள முடிச்சேன்னு மைக்ல சொல்லுங்க. அது போதும்."

உமா கையை நீட்டாமல் நின்றாள். அங்கே நிற்பது அவருக்குத்தான் கஷ்டமாக இருந்தது, அவளுக்கு அது பழகியிருந்தது. தெட்சிணாமூர்த்தி ஒலிபெருக்கிக்காரரின் காதில் ஏதோ சொன்னார். "திருமதி உமாமகேஸ்வரி, பத்து கிலோமீட்டர், குறித்த நேரத்துக்குள்" என்று அறிவிப்பு வந்தது. ரோஜா பனியன் கூட்டத்திலிருந்து கைதட்டல் கிளம்பியது. ஹாட்பாக்ஸ் மேஜையிலேயே இருந்தது.

வண்டியில் வீட்டுக்குத் திரும்பும்போது உமாவுக்குக் கால் இரண்டும் மரக்கட்டை. திருநள்ளாறு சாலை திரும்பியதும் செந்தில்குமார் மெதுவாக ஆரம்பித்தார்.

"அந்த ஹாட்பாக்ஸ வாங்கியிருக்கலாம். நம்ம வூட்டுல இருக்குறது மூடி ஒடஞ்சு கெடக்கு."

பக்கக் கண்ணாடியில், பின்னால் உட்கார்ந்திருந்த அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, சுரக்குடி வந்து சேரும்வரை அவர் வாயைத் திறக்கவில்லை.